நான்காவது குற்றச்சாட்டு

மணிலா
ஆகஸ்ட் 12

அன்புள்ள மாரே செனைதாவுக்கு,

நீ படகுக்காரரிடம் கொடுத்தனுப்பிய கருவாடும் இறால் விழுதும் வந்து சேர்ந்தன. ஜாடியின் மூடியை நீ எப்போதும்போல் அரைகுறையாக மூடியிருந்தாய். விழுது பை முழுக்க ஒழுகிவிட்டது. திரும்பும் பேருந்தில் என் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே இருந்தது. இந்த நகரத்தில் இருபது வருஷமாக எனக்குக் கிடைக்காத மரியாதை உன் இறாலால் கிடைத்தது.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாயே, என்ன பழைய காலத்துப் பழக்கம் என்று கேட்டிருந்தாய். என் போனில் நான் தும்மினால் ஜனாதிபதி அரண்மனையில் யாரோ கைக்குட்டையை எடுக்கிறார் என்று இங்கே பேச்சு. பொய்யாகவும் இருக்கலாம். ஆனாலும் நம் விஷயம் தாளிலேயே இருக்கட்டும். உன் தம்பி முறைக்காரர் அந்தப் படகுக்காரர் இருக்கும்வரை நமக்குத் தபால் நிலையம் எதற்கு?

ஜனாதிபதியைப் பதவி நீக்கும் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. கீழவையில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் விசாரணை நேராக மேலவைக்குப் போய்விடும். கையெழுத்து வாங்குவது உறுப்பினர்களின் வேலை. எதற்கு வாங்குவது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இப்போது குற்றச்சாட்டுகள் பதினொன்று ஆகிவிட்டன. விவசாயிகள் ஒன்று கொண்டுவந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் ஒன்று, பாதிரியார்கள் இரண்டு. ஒவ்வொருவரும் தங்கள் பானையைத்தான் முதலில் அடுப்பில் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். அடுப்பு ஒன்றுதான் என்று சொன்னால் என்னைத்தான் முறைக்கிறார்கள். களைப்பாக இருக்கிறது மாரே. சாப்பிடும்போதே தூங்கிவிடுகிறேன்.

நான்காவது நம்முடையது. புயல் கொடி ஏறியிருந்த அந்தக் காலையில், லினாவ் படகுத்துறையைத் திறந்துவைக்க வரும் ஜனாதிபதிக்குக் கூட்டம் சேர்க்க வேண்டும் என்பதற்காக, அரண்மனையிலிருந்து வந்த ஒரு போனால் கவிழ்ந்துபோன அந்தப் படகு கிளப்பப்பட்டது என்பது. என் கையாலேயே எழுதினேன். பாதிரியார் தலையில் தண்ணீர் ஊற்றியபோது வீரிட்டு அழுத உன் ஜோவியை ஞானத்தாயாக ஏந்தி நின்ற அதே கையால். அன்றைக்குத்தானே நீயும் நானும் ஒருவருக்கொருவர் 'மாரே' ஆனோம். இறந்தவர்கள் பெயர்களோடு அவள் பெயரும் அதில் இருக்கிறது.

உன் வீட்டுக்காரர் தோரோவை மருந்தை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்.

உன்
ஒபேலியா


லினாவ்
ஆகஸ்ட் 21

அன்புள்ள மாரே,

உன் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். இறால் பகுதியை விட்டுவிட்டேன். நான்காவது என்று கேட்டதும் நோர்மிங் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் புருஷனும் அந்தப் படகில்தானே போனார். "செனைதாக்கா, மணிலாவுல நம்ம பேரு சொல்றாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சொல்லப் போகிறார்கள் என்றேன். இந்தப் பத்து மாதத்தில் அந்தக் கூட்டத்தில் ஒருவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அன்று காலை என் காதில் விழுந்ததை மறுபடி எழுதச் சொல்லிப் படகுக்காரரிடம் சொல்லியனுப்பியிருந்தாய் அல்லவா, எழுதுகிறேன். துறைமுக அதிகாரி என் கடையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முட்டையை உடைத்து ஊற்றினேன். அப்போது போன் வந்தது. அவர் பேசியது இவ்வளவுதான்: "ஆமா சார். கொடி ஏத்தியாச்சு சார், ரெண்டாம் நம்பர். இல்ல சார், வாத்தியாருங்க எல்லாம் அந்தப் பக்கம் தீவுல நிக்கிறாங்க. காத்து ஜாஸ்தியா இருக்கு சார். சரி சார். அரண்மனையே சொன்னா அப்புறம் நான் யாரு சார், விடச் சொல்லிடறேன்." பிறகு கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த வாத்தியார் கூட்டத்தில் ஜோவியும் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாது. திறப்பு விழாவுக்கு வரச் சொல்லி அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு உத்தரவு முந்தின நாள் சாயங்காலம்தான் வந்ததாம்.

அந்த அதிகாரி இப்போது ஏதோ வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டார். ஆகவே கேட்டவள் நான் ஒருத்திதான். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். பயமெல்லாம் போய்விட்டது.

தோரோ மருந்தைச் சாப்பிடுகிறார், சோற்றைத்தான் சாப்பிடுவதில்லை. இயந்திரம் பழுது பார்க்க யாராவது கூப்பிட்டால் கரையில் நின்றே பார்க்கிறார், படகில் ஏறுவதில்லை.

அடக்கத்துக்கு வந்தவள் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. குறை சொல்லவில்லை. சும்மா எழுதினேன்.

உன் மாரே
செனைதா


மணிலா
செப்டம்பர் 10

அன்புள்ள மாரே,

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்தேன். இந்த முறை நேராகச் சொல்லிவிடுகிறேன். பதினொன்றில் பத்து போய்விட்டன. ஒரே ஒரு குற்றச்சாட்டோடு போவது என்று முடிவாகிவிட்டது. நான்காவது அதில் இல்லை.

காரணத்தையும் கேட்டுவிடு. நம் சட்டத்தில் ஒருவர்மேல் வருஷத்துக்கு ஒருமுறைதான் இந்தக் கதவைத் தட்ட முடியும். தட்டித் தோற்றால் ஒரு வருஷம் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்குள் அவர் பதவிக்காலமே முடிந்துவிடும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்பார்கள். எங்களிடம் கல் ஒன்று, மாங்காய் பதினொன்று.

எஞ்சியிருப்பது படகுத்துறை. லினாவ் படகுத்துறை கட்டும் ஒப்பந்தத்தை ஜனாதிபதி தன் மைத்துனன் நிறுவனத்துக்குக் கொடுத்தார். சட்டம் கூடாது என்கிறது. கையெழுத்து அவருடையது, மைத்துனன் மைத்துனன்தான். சாட்சியே வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும்.

கையெழுத்து வாங்கப் போனால் என்ன நடக்கிறது தெரியுமா? தெற்கே ஒரு உறுப்பினர், நல்ல மனிதர், தன் வீட்டில் காபி கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார்: "வக்கீலம்மா, திருடன்னு எழுதுங்க, கண்ண மூடிக்கிட்டுப் போடறேன். அவரே கோவிச்சுக்க மாட்டாரு. அரசியல்ல திருடன்னா ஒரு வசவா? கொலகாரன்னு எழுதினா எப்படிங்க? என் பொண்ணு கல்யாணத்துல ஞானத்தகப்பனா வந்து நின்ன மனுஷன். நாளைக்குப் பேரப்புள்ள ஞானஸ்நானத்துல அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" இவர் ஒருவர் மட்டுமல்ல. இந்த ஜனாதிபதி பாதிக் கீழவைக்கு உறவுக்காரர் மாதிரி. கல்யாணம், ஞானஸ்நானம், வீடு குடிபோவது என்று எல்லா வீட்டுப் புகைப்படத்திலும் நிற்கிறார். படகு உள்ளே இருந்தால் முப்பது கையெழுத்து போய்விடும்.

அவர் பதவியிலிருந்து இறங்கட்டும். இறங்கிய மறுநாள் அவரும் நம்மைப் போல் சாதாரண ஆள். பிறகு படகு வழக்கைச் சாதாரண நீதிமன்றத்தில் போடலாம். அப்போது உன் காதுதான் நம் வழக்கு.

கோபப்படு. பதில் மட்டும் எழுது.

ஒபேலியா


லினாவ்
செப்டம்பர் 19

மாரே,

எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

படகுத்துறைக்கு எவ்வளவு சிமென்ட், எத்தனை தூண், மைத்துனன் பெயர் என்ன, எல்லாம் மேலவையில் வாசிப்பீர்கள். அதைத் திறக்கும்போது கை தட்டுவதற்காக இழுத்து வரப்பட்டுச் செத்தவர்களுக்கு ஒரு வரி கிடையாது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவளை இந்த ஊரில் என்னவென்று சொல்வோம் என்று உனக்கே தெரியும். எனக்கு அறுபத்தொரு வயது. சாதாரண நீதிமன்றம் என்கிறாய். என் அப்பாவின் தென்னந்தோப்பு வழக்கு நான் சடங்கான வருஷம் ஆரம்பித்தது, இன்னும் நடக்கிறது.

நோர்மிங்கிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்துவிட்டது. போன வாரம் பெல்மொந்தே என்று ஒரு வக்கீல் மணிலாவிலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். எல்லார் வீட்டுக்கும் அரிசி அப்பம் வாங்கி வந்து, செத்தவர் படத்துக்கு முன்னால் முழந்தாள் போட்டு ஜெபித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். தனி மனு எழுதி வந்திருக்கிறார். படகு மட்டும்தான் அதில். எல்லாப் பெயரும் இருக்கிறது. ஜோவியின் பெயர் முதலில். நாங்கள் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் போதும், கீழவையில் முன்மொழிய ஒரு உறுப்பினர் தயாராக இருக்கிறாராம்.

கடைக்கு வந்து தனியாக ஒன்று சொன்னார். "அம்மா, சொல்லக் கூடாதுதான். மணிலா கூட்டத்துல படகுக் குற்றச்சாட்டை எடுத்துடலாம்னு முதல்ல சொன்னது யாரு தெரியுமா? உங்க மகளோட ஞானத்தாய்தான்" என்றார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லாதீங்க, அவ அப்படிப்பட்டவ இல்ல என்று சொன்னேன்.

நீ 'முடிவாகிவிட்டது' என்று எழுதியிருக்கிறாய். யார் முடிவு செய்தது என்று எழுதவில்லை. சட்டம் படித்தவள் எழுத்து. நான் கேட்கிறேன். யார் சொன்னது, ஒபேலியா?

செனைதா


மணிலா
செப்டம்பர் 24

என் அன்பு மாரே,

நான்தான் சொன்னேன்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த யாருக்கும் அதைச் சொல்லத் துணிவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோவி எனக்கு யார் என்று அவர்களுக்குத் தெரியும். நான் சொல்லாதவரை மற்ற பத்தில் ஒன்றையும் எடுக்க முடியாது. நான் என்னுடையதைக் கீழே வைத்தேன். அடுத்த அரை மணியில் விவசாயிகள் தங்களுடையதை வைத்தார்கள், பாதிரியார்கள் வைத்தார்கள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியாமல் 'முடிவாகிவிட்டது' என்று எழுதினேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

ஆனால் பெல்மொந்தே தாளில் கையெழுத்துப் போடாதே. அவர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அந்த மனு தோற்பதற்கென்றே எழுதப்பட்டது. ஒரு பக்கப் போன் பேச்சு, கேட்டவள் இறந்தவளின் தாய், பேசிய ஆள் நாட்டிலேயே இல்லை. அவர்கள் அதை முதலில் உள்ளே கொண்டுபோய், ஒரு மத்தியானத்தில் 'ஆதாரம் இல்லை' என்று தள்ளிவிடுவார்கள். அவ்வளவுதான், இந்த வருஷத்துக் கதவு சாத்தியாகிவிட்டது. நாங்கள் படகுத்துறையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்போம். அரண்மனைக்காரர்கள் தங்கள்மேல் தாங்களே மனுப் போட்டுக்கொள்வது இங்கே புதிதா என்ன? யார் முதலில் தட்டுகிறார் என்பதுதான் இந்த ஆட்டமே.

அவர் அரண்மனை ஆள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததை நான் எழுதுவதில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு இன்னும் பன்னிரண்டு கையெழுத்து வேண்டும். ஒரு வாரம் கொடு. அந்தத் தாள் ஒரு வாரம் லினாவை விட்டு வெளியே வரக் கூடாது. எப்படியாவது நிறுத்து. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஒபேலியா


மணிலா
அக்டோபர் 7

அன்பு மாரே,

கடிதம் போட்டுப் பதில் இல்லை. படகுக்காரரைக் கேட்டால், உன் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறார்.

ஆகிவிட்டது. வேண்டிய கையெழுத்துக்கு மேல் இரண்டு கூடவே கிடைத்தது. தெற்கத்திக்காரரும் போட்டுவிட்டார். போட்டுவிட்டு, "கல்யாணப் புகைப்படத்தை ஹால்லேர்ந்து எடுத்து உள்ரூம்ல மாட்டியாச்சு வக்கீலம்மா" என்றார். திங்கட்கிழமை மனு மேலவைக்குப் போகிறது. இளசுகள் எல்லாம் கூத்தாடுகிறார்கள். எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் படுத்துவிட்டேன்.

பெல்மொந்தே தாள் வரவே இல்லை. கடைசி நாள்வரை கீழவை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்தாய் மாரே? எப்படிச் சமாளித்தாய்? நேரில் கேட்க ஆசையாக இருக்கிறது.

மேலவையில் ஜெயித்தால், இது சத்தியம், முதல் வேலை படகு வழக்கு. உன் வாக்குமூலத்தை நானே எழுதப் போகிறேன்.

நவம்பரில் ஜோவிக்கு வருஷம் திரும்புகிறது. நீ துக்கத்துக்குப் போட்ட கறுப்பைக் கழற்றும் பூசைக்கு ஞானத்தாய் பக்கத்தில் நிற்க வேண்டும். எந்த விசாரணை இருந்தாலும் வந்துவிடுவேன். உனக்கு வெள்ளைச் சட்டை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். அளவு பழையபடிதானே? இளைத்துவிட்டாயா?

உன்
ஒபேலியா


லினாவ்
அக்டோபர் 20

வழக்கறிஞர் ஒபேலியா சாரெயால் அவர்களுக்கு,

தங்கள் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. மனு மேலவைக்குப் போனதை வானொலியில் கேட்டேன். நல்லது.

என்ன செய்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெல்மொந்தே தாளைப் பீடத்துக்கு முன்னால் மேஜையில் விரித்தார். அவரோடு வந்த பையன் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போடவில்லை என்றேன். அது போதும் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் மாறவே இல்லை. "பரவாயில்லம்மா, உங்க மனசு புரியுது. நீங்க கேட்டதை இவங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கீங்கல்ல, இவங்க சத்தியம் பண்ணட்டும்" என்றார். நோர்மிங் பேனாவை எடுத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது.

எப்படியாவது நிறுத்து என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தாளில் இருந்தது முழுக்க என் பேச்சு. என் பேச்சை நானே கொன்றால்தான் அது சாகும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கலாம், நீங்கள் அங்கே இல்லை.

எழுந்து நின்று சொன்னேன்: "யாரும் போடாதீங்க. நான் எதுவும் கேக்கல. அந்த ஆளு அன்னிக்கு என் கடையில கஞ்சி குடிச்சான், அவ்வளவுதான். போனும் வரல, ஒண்ணும் வரல. மக போன துக்கத்துல நானா கட்டிச் சொன்னது."

கோயிலுக்குள், சிலுவைக்கு எதிரே நின்று சொன்னேன். கேட்டவளே கேட்கவில்லை என்றால் யார் சத்தியம் செய்வார்கள்? நோர்மிங் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "எவ்வளவு குடுத்தாங்க, செனைதாக்கா?" என்று கேட்டாள். மற்றவர்கள் அதுகூடக் கேட்கவில்லை. இப்போது கடைக்கு வெளியூர்ப் பயணிகள் மட்டும்தான் வருகிறார்கள்.

பெல்மொந்தே போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு நஷ்டமில்லை. நான் சொன்னது அவர் போனில் இருக்கிறது. ஆகவே படகு வழக்குக்கு என் வாக்குமூலத்தை எழுத நீங்கள் சிரமப்பட வேண்டாம். எந்த நீதிமன்றத்திலும் இனி நான் சாட்சி இல்லை. கேட்டது என் காதில்தான் இருக்கிறது. இரவும் பகலும் இருக்கிறது. ஆனால் அது இனி யாருக்கும் உதவாது.

உங்கள் கணக்கு சரி என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போனால் ஒன்றும் கரை சேராது. ஆனால் தூக்கிப் போடுவதற்கு முதலில் உங்கள் கைக்கு அகப்பட்டது என் பெண். அதற்குப் பிறகு நான் போட்டது மிச்சத்தை. நீங்கள் சரியாகச் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. கோபம்கூட இல்லை. அலுத்துவிட்டது.

நவம்பர் பூசைக்கு வர வேண்டாம். மணிலாவிலிருந்து நீங்கள் வந்து என் பக்கத்தில் நின்றால், எனக்கு யார் கொடுத்தார்கள் என்று ஊராருக்கு விடை கிடைத்துவிடும். கறுப்பை நானே கழற்றிக்கொள்கிறேன். சட்டையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து தோற்றுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
செனைதா மாதுரான்